முதல் தடவையா மதுரை: மூணு நாள், 71 வயசு அம்மா, 12 வயசுப் பையன்

நொய்யல்கரை (கோவை):

வணக்கமுங்க. எனக்கு நாப்பத்தி மூணு வயசாகுது. மதுரையை இதுவரைக்கும் திருச்செந்தூர் போற வழியில பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்ததோட சரி. எங்கப்பா இருந்தப்ப வருசா வருசம் பங்குனி பொறந்ததும் "இந்தச் சித்திரைக்கு மீனாட்சி கல்யாணம் பார்த்துடறோம்"னு சொல்லுவாருங்க. ஒரு வருசமும் கிளம்பல. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு. போன வாரம் அம்மா துணி மடிச்சுட்டே, "கல்யாணக் கூட்டத்துல என்னால நிக்க ஆகாது கண்ணு, சும்மா ஒரு நாள் அவளைப் பார்த்துட்டு வந்தாப் போதும்"னாங்க. அதுக்கு மேல தள்ளிப்போட மனசு வரலீங்க.

அம்மா சுத்த சைவம். முழங்கால் வலி இருக்குது, நிறைய படி ஏறுனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. பையன் ஏழாவது படிக்கிறான், மதுரைன்னதும் பரோட்டாதான் கேக்கறான். நான் எல்லாம் சாப்பிடுவேன்.

டிசம்பர் 25, 26, 27 மூணு நாள். முதல் நாள் மீனாட்சி கோவில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம். ரெண்டாவது நாள் ராமேஸ்வரம். மூணாவது நாள் அழகர்கோவில், பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், கீழடி, நேரமிருந்தா யானைமலை. இது சரியா வருமுங்களா? என்ன சாப்பிடணும், எங்க தங்கணும்னும் சொல்லுங்க.

மேலமாசி (மதுரை):

வாங்க, நல்ல காரியம். ரெண்டு விசயத்தை மொதல்ல மாத்திக்கங்க.

ஒண்ணு, தேதி. மார்கழியில சபரிமலைக்குப் போற சாமிமார் எல்லாரும் மீனாட்சியைப் பார்த்துட்டுத்தான் போவாங்க. அதோட அரையாண்டு லீவும் சேர்ந்துக்கும். சித்திரை வீதியில வரிசை சுத்தி நிக்கும், லாட்ஜ்ல ரூம் கேட்டா சொல்ற விலை வேற. மகரஜோதி முடிஞ்சு ஒரு வாரத்துல அங்க நடை சாத்திருவாங்க, இங்கயும் கூட்டம் சட்டுனு வடிஞ்சிரும். இந்தத் தடவை ஜனவரி 26 திங்கக்கிழமை வருது. சனி, ஞாயிறு, திங்கள்னு வாங்க. வெயிலும் அவ்வளவா இருக்காது.

ரெண்டாவது, நீங்க இடத்தை எண்ணித் திட்டம் போட்டிருக்கீங்க. மதுரைக்கு நேரத்தை எண்ணித் திட்டம் போடணும். கோவில் காலையில 5 மணிக்குத் திறந்து மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாத்திருவாங்க. மறுபடி 4 மணிக்குத்தான். வெளியூர்க்காரங்க பத்தரைக்கு வந்து வரிசையில நின்னு, பன்னிரண்டரைக்குத் தள்ளிவிடப்பட்டு, வேகாத வெயில்ல மகாலுக்கு நடந்து போறதை வாரம் பூராப் பார்க்கிறேன். மத்தியானம் இந்த ஊரு தூங்கும். நீங்களும் தூங்குங்க. காலையில வெள்ளன ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கோவிலுக்குப் போங்க. ரெண்டும் வேற வேற கோவில் மாதிரி இருக்கும்.

தங்குறது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம். ஸ்டேஷனுக்கும் மேலக்கோபுரத்துக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் நடந்து போற தூரம். கோவை பஸ் உங்களை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடும், மாட்டுத்தாவணி வராது. அங்கிருந்து ஆட்டோ.

சேலத்துக்காரன்:

மேலமாசி அண்ணன் சொன்னது சரிதான், ஆனா ராமேஸ்வரத்தை விடாதீங்க. அவ்வளவு தூரம் வந்துட்டு, வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு, ராமநாதசாமியைப் பார்க்காமத் திரும்பினா மனசுல குறையா நிக்கும். நாங்க போன வருசம் விடிகாலை 4 மணிக்குக் கார் எடுத்து ராத்திரி 10-க்குத் திரும்பிட்டோம். முடியாதது இல்லை.

வைகைத்தண்ணி (பொறந்தது மதுரை, இருக்கிறது சென்னை):

அண்ணே, உங்க அக்கறை புரியுது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. போக 170 கிலோமீட்டர், வர 170. கார்லயே ஆறேழு மணி நேரம் போயிரும். ராமேஸ்வரம் போறதே 22 தீர்த்தத்துல குளிக்கத்தான். அந்த ஈரக் கல்தரையில முழங்கால் வலியோட ஒரு பெரியம்மா கிணத்துக்குக் கிணறு நடக்கணும். எங்கம்மாவை நான் அப்படிக் கூட்டிட்டுப் போயி அவங்க ரெண்டு நாள் படுத்துட்டாங்க, இன்னமும் எனக்கு அது உறுத்துது. ராமேஸ்வரத்துக்குன்னு தனியா ரெண்டு நாள் வையுங்க. மதுரையோட ஒட்ட வேணாம்.

சேலத்துக்காரன்:

எங்க வீட்ல எல்லாரும் நடக்கிறவங்க. முழங்கால் வலின்னு படிச்சும் யோசிக்காமச் சொல்லிட்டேன். தங்கச்சி, அண்ணன் சொல்றபடி செய்யுங்க.

புதூர்ப் பையன்:

தம்பிக்காக இந்தப் பதிவு அக்கா.

மதுரையில சாப்பாடு சாயந்தரம் ஆறு மணிக்கு மேலதான் உசுரு பிடிக்கும். பரோட்டாவை மத்தியானம் தேடாதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு ரோட்டோரம் கல் காய்ஞ்சுக்கிட்டு இருக்கிற கடையா, மாஸ்டர் ரெண்டு கையாலயும் அடுக்கித் தட்டி உதிர்க்கிற கடையாப் பாருங்க. அந்தத் தட்டுலதான் அடுக்கு விடும். சால்னாவை மேல ஊத்தி ரெண்டு நிமிசம் ஊறவிட்டு, பிச்சுச் சாப்பிடணும். தம்பிக்கு உறைப்பு ஆகாதுன்னா பன் பரோட்டா கேளுங்க. சின்னதா, உப்பலா, உள்ள பஞ்சு மாதிரி இருக்கும். கொத்துப் பரோட்டா போடுற சத்தம் தெருமுனையில இருந்தே கேக்கும், அந்தத் தாளத்தைக் கேக்கவாச்சும் நில்லுங்க.

அடுத்தது கறி தோசை. சிம்மக்கல் கோனார் கடைப் பேரை எல்லாரும் சொல்லுவாங்க. ஊத்தப்பம் கனத்துக்கு மாவை ஊத்தி, மேல முட்டையை உடைச்சுப் பரப்பி, வெந்த கொத்துக்கறியை மசாலாவோட அள்ளி வச்சு அமுக்கித் திருப்புவாங்க. கறிப்பக்கம் கல்லுல பட்டு ஓரம் முறுகும்போது வர்ற வாசனை இருக்கே, அதுக்காக நான் புதூர்ல இருந்து ஆத்தைத் தாண்டி வருவேன். ஒண்ணு வாங்கி ரெண்டு பேரு சாப்பிடலாம்.

மத்தியானம் மெஸ் சாப்பாட்டுல அயிரை மீன் குழம்பு இருந்தா விட்றாதீங்க. விரல் நீளம்கூட இருக்காது, முள்ளோட மெல்லலாம். கோலா உருண்டை, சுக்கா எல்லாம் அதுக்கப்புறம்.

ஜிகர்தண்டா விளக்குத்தூண்ல. சுண்டக் காய்ச்சின பால், ஊறவச்ச பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேல ஐஸ்கிரீம். பிசின் நல்லா ஊறி கண்ணாடி மாதிரி இருக்கணும், கடிச்சா நறநறன்னா அது வேலைக்காகாது. தம்பிக்கு ஒரு தகவல்: அந்த விளக்குத்தூணே பழைய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவா ஊர்க்காரங்க வச்சது. கோட்டைச் சுவரை இடிச்சு ஊரை விரிச்சவரு அவருதான். கோட்டை இருந்த இடம்தான் இப்ப வெளி வீதி.

நொய்யல்கரை:

தேதியை மாத்திட்டேனுங்க. ராமேஸ்வரத்தையும் எடுத்துட்டேன். தம்பி எழுதுனதைப் படிச்சுட்டு எம் பையன் நாளைக்கே போலாமான்னு கேக்கறான். அம்மாவுக்கு என்ன வாங்கித் தர்றதுங்க? போற பக்கமெல்லாம் கறி வாசம்னா அவங்க ஒண்ணும் சொல்லாம பழம் மட்டும் தின்னுட்டுப் படுத்துடுவாங்க.

தெற்குவாசல் பொண்ணு:

அக்கா, உங்க அம்மாவுக்குக் குறையே வராது. நாங்க சௌராஷ்ட்ரா, இந்த ஊர்ல திருமலை நாயக்கர் காலத்துல இருந்து இருக்கோம். எங்க தெருப்பக்கம் சாயந்தரம் வந்தீங்கன்னா கறி வாசனையே இல்லாத பலகாரக் கடை வரிசையா இருக்கும்.

காலையில இட்லி. மதுரை இட்லிக்கு இலையில நாலு சட்னி விழும். மல்லிகைப்பூ மாதிரின்னு சொல்றது சும்மா இல்ல, விரலால தொட்டா தடம் விழுந்து திரும்ப எழும்பும். பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டு வாங்குங்க.

சாயந்தரம் வெள்ளையப்பம். மேலச் சித்திரை வீதியில கோபு ஐயங்கார் கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. சூடா, வெளியில மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு, காரச் சட்னியோட. அங்கயே கோவில் நிழல்ல உக்காந்த மாதிரி இருக்கும்.

தை மாசத்துக் குளிர்ல வர்றீங்க, அதனால முள்ளுமுருங்கை வடை கட்டாயம். அந்தக் கீரையைப் பச்சரிசியோட அரைச்சு, பூரி மாதிரித் தட்டிப் பொரிச்சு, மேல பொடியைத் தூவித் தருவாங்க. பச்சைப்பசேல்னு இருக்கும். எங்க பாட்டி நெஞ்சுச் சளிக்கு இதைத்தான் கொடுப்பாங்க. அப்புறம் பருத்திப்பால். ஊறவச்ச பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிஞ்ச பால், கொஞ்சம் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ. தள்ளுவண்டியில பெரிய பாத்திரத்துல கொதிச்சுக்கிட்டே இருக்கும். முழங்கால் வலிக்கிற ராத்திரிக்கு ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் படுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பூ. மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது, அதை எல்லாரும் சொல்லுவாங்க. தையில பனியினால மல்லி வரத்து குறைஞ்சிரும்ங்கிறதை யாரும் சொல்ல மாட்டாங்க. கிலோ ஆயிரக்கணக்குல போகும். ஒரு முழம் கேட்டு விலையைப் பார்த்துப் பதறிராதீங்க. பிச்சி, முல்லை வாங்கிக்கங்க. அம்மனுக்கு எல்லாப் பூவும் ஒண்ணுதான்.

கல்வெட்டு வாசகன்:

எல்லாரும் கோவிலும் சாப்பாடுமாகவே சொல்கிறீர்கள். மதுரையின் வயது குன்றுகளில் இருக்கிறது என்பதைப் பையனுக்குக் காட்டாமல் அனுப்பாதீர்கள். ஊருக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழக்குயில்குடி, சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோவில். ஒரு பக்கம் செட்டிப்புடவு, பாறைக் குடைவுக்குள் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரரின் பெரிய உருவம். இன்னொரு பக்கம் மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம், அங்கே பாறையில் எட்டு உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்கள் பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து. உச்சியில் நின்றால் வயல்களுக்கு அப்பால் மதுரை தெரியும்.

பிறகு கீழடி. அதை மூன்றாம் நாள் ஓரத்தில் செருகியிருக்கிறீர்கள், அது தகாது. ராமநாதபுரம் சாலையில் சிலைமான் தாண்டி, மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அகழாய்வு அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டின் பாணியில் முற்றங்களோடு கட்டியது. பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறிய பெயரைப் பார்க்கலாம். அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 என்று வந்தது. குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேலமாசி:

கீழடிக்கு நானும் கை தூக்குறேன். சமணர் மலைக்கு மட்டும் ஒரு திருத்தம் சார். அந்தப் பாறைப் படியில கைப்பிடி இல்லாத இடமெல்லாம் இருக்கு. பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போக வேணாம். நீங்களும் பையனும் ஒரு நாள் விடியக்காலை போயிட்டு எட்டரைக்குள்ள இறங்கிருங்க, வெயில் ஏறுனா பாறை சுடும்.

கல்வெட்டு வாசகன்:

அம்மா மலையேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்து தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். எழுபது வயதில் என் தாயார் அங்கே ஒரு காலைப் பொழுது முழுக்க இருந்தார். அறையில் தனியாக விட்டுவிட்டு வருவதைவிட அது மேல்.

மேலமாசி:

அது நல்ல யோசனை. ஒத்துக்கிறேன்.

இனி கோவில். அம்மாவுக்காகக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியா நுழைங்க, அதுதான் அம்மன் வாசல். மதுரையில மொதக் கும்பிடு மீனாட்சிக்குத்தான். செல்போனை உள்ள விட மாட்டாங்க, வாசல்ல கொடுத்து டோக்கன் வாங்கணும். ரூம்லயே வச்சுட்டு வந்தா அரை மணி நேரம் மிச்சம். பையனுக்கு அரைக்கால் டவுசர் வேணாம், வேட்டியோ முழு பேண்டோ. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேணும்னா வாசல்லயே கேளுங்க.

பொற்றாமரைக் குளத்து வடக்குப் படியில உக்காந்து தெற்குக் கோபுரத்தைப் பாருங்க. 170 அடி, எல்லாக் கோபுரத்துலயும் அதுதான் ஒசரம். திருப்பணிச் சாரம் கட்டியிருந்தா சிலைகள் மறைஞ்சிருக்கும், அதுக்காக வருத்தப்பட வேணாம். அம்மனைப் பார்த்துட்டு, முக்குறுணிப் பிள்ளையாரைத் தாண்டி சுவாமி சன்னதி. தெப்பக்குளம் வெட்டும்போது கிடைச்ச பிள்ளையார்னு சொல்லுவாங்க. அந்தக் குளம் வெட்டுன மண்ணுலதான் மகாலுக்குச் செங்கல் சுட்டாங்கன்னும் ஒரு பேச்சு உண்டு. உள்ள வெள்ளியம்பலத்துல நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுவாரு. மத்த ஊர்ல எல்லாம் இடது கால். பையனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

இப்ப முக்கியமானது. உங்கப்பா கல்யாணம் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருன்னு எழுதுனீங்க. சுவாமி சன்னதிக்கு முன்னால கம்பத்தடி மண்டபம். அங்க ஒரு தூண்ல அந்தக் கல்யாணமே நடந்துக்கிட்டிருக்கு. நடுவுல மீனாட்சி, வெக்கத்துல தலை லேசாக் குனிஞ்சிருக்கும். ஒரு பக்கம் சுவாமி கையை நீட்டியிருப்பாரு. இன்னொரு பக்கம் அண்ணன் பெருமாள் தாரை வார்த்துக் கொடுப்பாரு. அந்த விரல்களை மட்டும் பாருங்க, கருங்கல்லுன்னு நம்ப மாட்டீங்க. அங்க தள்ளிவிட யாரும் வர மாட்டாங்க. அம்மா எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி போங்க, பள்ளியறைப் பூசைக்கு. சுவாமியோட பாதுகையைப் பல்லக்குல வச்சு, நாகஸ்வரம், மேளத்தோட அம்மன் சன்னதிக்குக் கொண்டு வருவாங்க. தினமும் நடக்கிறதுதான். அம்பது வருசமா இந்த வீதியில இருக்கேன், இன்னும் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது போயி நின்னுருவேன்.

நொய்யல்கரை:

அண்ணா, அந்தத் தூணைப் பத்தி அம்மாகிட்ட இன்னும் சொல்லலீங்க. அங்க போயே பார்க்கட்டும்.

வைகைத்தண்ணி:

ஒரு எச்சரிக்கை. கோபுர வாசல்ல "வரிசை வேணாம்மா, நான் நேரா உள்ள கூட்டிட்டுப் போறேன்"னு ஒருத்தர் வருவாரு. எங்க சித்தி அப்படி ஐநூறு ரூபாய் கொடுத்தாங்க. அந்த ஆளு அவங்களைக் கொண்டுபோயி இலவச வரிசையில விட்டுட்டுக் காணாமப் போயிட்டான். அவசரம்னா கோவில் கவுண்டர்லயே கட்டணச் சீட்டு இருக்கு, அதை மட்டும் வாங்குங்க. ஆட்டோவுக்கும் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்கங்க. கீழடி, அழகர்கோவிலுக்கெல்லாம் நாள் வாடகைக்கு ஒரு காரா எடுத்துட்டா அம்மாவுக்கும் சாஞ்சுக்க வசதி.

மகாலை விட்றாதீங்க. 1636-ல கட்டுனது, இப்ப நிக்கிறது மொத்த அரண்மனையில கால்வாசிதான். உள்ள போனதும் பையன் அந்தத் தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்ப்பான், நாலு பேரு சேர்ந்து கைகோத்தாத்தான் எட்டும். பக்கத்துத் தெருவுக்குள்ள பத்துத் தூண்னு தனியா நிக்கிறதும் அதே அரண்மனையோட மிச்சம்தான். வீடு, கடைக்கு நடுவுல.

காந்தி மியூசியம் தமுக்கத்துல, ராணி மங்கம்மாள் அரண்மனையில. அவரு சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. அதுக்கு முன்னால மேலமாசி வீதி 251-ம் நம்பர் கட்டடத்துக்கு ஒரு நடை போங்க. 1921 செப்டம்பர் 22 அங்க தங்கியிருந்தப்பதான் மேல்சட்டையை விட்டுட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினாரு. ஒரே ஊருக்குள்ள ரெண்டு துணியோட கதை.

தெற்குவாசல் பொண்ணு:

அம்மாவுக்குச் சேலை எடுத்தா சுங்குடி எடுங்க. 2005-லயே புவிசார் குறியீடு வாங்கினது. துணியை நகத்தால கிள்ளி நூலால முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி, காஞ்சதும் முடிச்சை அவிழ்ப்பாங்க. முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமப் புள்ளியா நிக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. எங்கம்மா சின்ன வயசுல முடிச்சுப் போட்டவங்க, இப்பவும் அவங்க கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். கடையில நிறைய அச்சடிச்ச சுங்குடிதான் இருக்கும், அதுவும் கட்ட நல்லாத்தான் இருக்கும். நிஜ முடிச்சு வேணும்னா துணியைத் தடவிப் பாருங்க. புள்ளி ஒவ்வொண்ணும் ஒரே அளவா இருக்காது, அந்த இடம் லேசாப் பொம்மி நிக்கும். "முடிச்சுச் சுங்குடி"ன்னு கேட்டு வாங்குங்க.

நொய்யல்கரை:

வந்து சேர்ந்துட்டோமுங்க. நாலு நாளா எழுதணும் எழுதணும்னு இருந்தேன்.

முதல்ல கஷ்டத்தைச் சொல்லிடறேன். போன்ல பேசுனப்ப கீழ்த்தள ரூம் தர்றேன்னவங்க, போனதும் மூணாவது மாடின்னாங்க, லிப்டும் ஓடல. அம்மா ரிசப்சன்லயே உக்காந்துட்டாங்க. வைகைத்தண்ணி அண்ணாவுக்கு இங்கயே தனிச்செய்தி போட்டேன், பத்து நிமிசத்துல பக்கத்துத் தெருவுல வேற இடம் சொன்னாருங்க. நன்றிங்கற வார்த்தை பத்தாது.

சனிக்கிழமை பூரா நாங்க நாலு வீதியைத் தாண்டல. காலையில இட்லி, மத்தியானம் தூக்கம், சாயந்தரம் மகால். ராத்திரி ஒன்பதுக்குப் பள்ளியறைப் பூசை. பல்லக்கு சின்னதா இருந்துச்சுங்க. திரை போட்டிருந்தாங்க. முன்னால தீவட்டி, அந்த நாகஸ்வரச் சத்தம் கல்லுல பட்டுப் பட்டு எங்கிருந்து வருதுன்னே தெரியல. பையன் பேச்சு மூச்சில்லாமப் பின்னாலயே நடந்தான். அவனை இத்தனை நேரம் போனில்லாம நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு.

ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கே கோவில். அம்மன் சன்னதியில நல்ல தரிசனம். அப்புறம் கம்பத்தடி மண்டபம். நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவே அந்தத் தூண் முன்னால நின்னுட்டாங்க. முதல்ல மீனாட்சி முகத்தைப் பார்த்தாங்க, அப்புறம் பெருமாள் கையைப் பார்த்தாங்க. "தாரை வாக்கறாரு பாரு"ன்னு பையனுக்குக் காட்டுனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த குங்குமத்தை எடுத்து அவன் நெத்தியில வச்சாங்க. அரை மணி நேரம் நின்னாங்க, கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வரல. வெளிய வந்து செருப்பு மாட்டறப்பத்தான், "உங்கப்பா பாத்திருந்தா அந்த எடத்த விட்டு வந்திருக்க மாட்டாரு"ன்னாங்க.

அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல கீழடி. பையனுக்குப் பிடிச்சது பகடைக்காயும் வட்டச் சில்லும். "அப்பவும் பசங்க விளையாடிருக்காங்க"ன்னு அதையே ரெண்டு தடவை சொன்னான். திங்கக்கிழமை விடியக்காலை சமணர் மலை. அம்மா ஆலமரத்தடியில உக்காந்துட்டாங்க. நாங்க இறங்கி வந்து பார்த்தா குளத்துக்குத் தாமரை பறிக்க வந்த ஒரு பெரியம்மாவோட பேசிட்டு இருக்கறாங்க, கையில ரெண்டு மொட்டு. கல்வெட்டு வாசகன் ஐயாவுக்கு அம்மா நமஸ்காரம் சொல்லச் சொன்னாங்க. மத்தியானத்துக்குள்ள அழகர்கோவில் போயி பதினெட்டாம்படிக் கருப்பர் கதவைக் கும்பிட்டுட்டு, பிரசாத தோசை வாங்குனோம். உள்ளங்கை கனம், மிளகும் நெய்யுமா. கோயம்புத்தூர் வந்து சேர்றவரைக்கும் கார் பூரா அந்த வாசம்.

கறி தோசை ஒண்ணு வாங்கிப் பாதி பாதி சாப்பிட்டோம். பன் பரோட்டா பையன் ஆறு சாப்பிட்டான். அம்மா முள்ளுமுருங்கை வடையை மட்டும் மூணு நாளும் விடல. காந்தி மியூசியத்துக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நேரமில்ல, அடுத்த தடவைக்கு இருக்கட்டுமுங்க.

தெற்குவாசல் பொண்ணுக்கு ஒரு கேள்வி. அம்மா அரக்கு நிறத்துல முடிச்சுச் சுங்குடி எடுத்தாங்க. தடவிப் பார்த்துத்தான் எடுத்தோம். அதை எப்படித் துவைக்கறதுங்க? பயந்துட்டு இன்னும் பீரோவிலயே வச்சிருக்காங்க.

தெற்குவாசல் பொண்ணு:

அக்கா, படிச்சுட்டு எங்கம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். அவங்க சொல்றதை அப்படியே எழுதுறேன். முதல் தண்ணிக்குச் சோப்பு வேணாம். ஒரு வாளித் தண்ணியில ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைச்சு, சேலையைத் தனியா அரை மணி நேரம் ஊறவச்சு, முறுக்காம அலசுங்க. கொஞ்சம் சாயம் விடும், பயப்பட வேணாம். நிழல்ல காயப்போடுங்க. இஸ்திரி வேணாம், பொட்டியை வச்சு அழுத்துனா புள்ளியில இருக்கிற பொம்மல் போயிரும். கையால நீவி மடிச்சாப் போதும்.

நொய்யல்கரை:

சரிங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அதைக் கட்டிக்கறேன்னு இப்பத்தான் எடுத்து உப்புத் தண்ணியில போட்டிருக்காங்க.